சும்மா விட்டால் கண்ணை மூடிக்கொள்ளும் மிஷின்

இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு விஷயத்தை முழுசாகக் கேட்கப் பொறுமை கிடையாது. பாதியிலேயே போனைத் தடவ ஆரம்பித்துவிடுகிறான். பேய்க் கதை என்றால் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். முடிந்ததும் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்து, 'பெருசு நல்லா விடுது' என்று கண்ணடிப்பான். என் முன்னாலேயே. நான் என்ன செத்தா போய்விட்டேன்?

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நாற்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவன். கண்ணுக்குத் தெரியாததில் நான் நம்புகிறது கரண்டு ஒன்றைத்தான். அதுகூட அடித்ததால் நம்பினேன்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். இது பட்டப்பகல். சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற மத்தியான நேரம். நான் பயந்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அதற்கப்புறம் செய்தேனே, அதைச் சொல்லத்தான் கூசுகிறது.

என் மகளும் மாப்பிள்ளையும் கோழிக்குஞ்சு பொரிக்கிற நிலையம் வைத்திருக்கிறார்கள். இருக்கிற வீட்டை அடகு வைத்து ஆரம்பித்தது. முட்டை குஞ்சாகப் போகிற கடைசி மூன்று நாள், பொரிப்பு அறையில் தட்டுத் தட்டாக அடுக்கி வைப்பார்கள். ஜன்னல் இல்லாத அறை, மங்கல் விளக்கு. அறைக்குள்ளேயே ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு, அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஹீட்டர் எப்போது எரியணும், ஃபேன் எப்போது ஓடணும் என்று பார்த்துக்கொள்வது அதுதான். சூடு ஏறினால் அலாரம் அடிப்பதும் அதுதான்.

வாசற்படியில் ஒரு அகலத் தகரத் தட்டு இருக்கும். அதில் கத்தரிப்பூ நிறத்தில் மருந்துத் தண்ணீர். நோய் உள்ளே வராமல் இருக்க, போகிறவர்கள் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் போகணும். ஈரத்தில் ஊதாவாக இருக்கும். காய்ந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பழுப்பாகிவிடும்.

அந்தக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் இரைந்துகொண்டே இருக்கும். மேலே கை வைத்தால் சுடும். வயர்மேனுக்கு இது பொறுக்குமா?

"ஏன் மாப்பிள்ள, வேலை செய்யறப்ப கரண்டைக் குடிக்கட்டும். சும்மா கிடக்கறப்ப எதுக்குக் குடிக்குது? இது என்ன உங்க சித்தப்பாவா?"

நச்சரித்து நச்சரித்து நானே ரிப்பேர்காரனை வரவழைத்தேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"ப்ராசஸரைச் சிக்கன மோடுல போடலாம்யா. வேலை இல்லாதப்ப தூங்கிக்கும். ஆனா இது பழைய போர்டு. தூக்கத்துல அது படிப்படியா இறங்கும். அரைத் தூக்கம், முழுத் தூக்கம், அதுக்கும் கீழ ஒண்ணு. அங்க போனா கரண்டை ஏறக்குறைய முழுசா விட்டுடும். சிலது அங்கேர்ந்து ஏறி வர்றதில்ல. அப்படியே நின்னுடும்."

"தூங்கினா எழுந்திருக்காதா? நான் தினமும் எழுந்திருக்கல?"

"நீங்க வேற கம்பெனிய்யா. இதுக்கு வேலை குடுத்துட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது. சும்மா விட்டாத்தான் ஆபத்து."

வேலை செய்கிறது தேயும், சும்மா இருக்கிறது தேயாது. எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். "போடுய்யா" என்றேன். போட்டான். இரைச்சல் அடங்கியது, சூடும் தணிந்தது. மாப்பிள்ளையைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து மிஷின் நின்றது. அணைந்தால்கூடத் தெரிந்துவிடும். இது அணையவில்லை. திரையில் எல்லாம் அப்படியே இருந்தது, ஓரத்தில் ஓடுகிற கடிகாரத்தில் விநாடி மட்டும் நகரவில்லை. எரிந்துகொண்டிருந்த ஹீட்டர் எரிந்தபடியே இருந்தது. அலாரமும் இல்லை. முட்டைத் தட்டு பார்க்கிற வேலைக்கு வருகிற அம்மா கவனித்துச் சத்தம் போட்டதால் முட்டை பிழைத்தது. இல்லையென்றால் எல்லாம் அவிந்திருக்கும்.

மாப்பிள்ளை, பழையபடியே மாற்றிவிடலாம் என்றார். நான் விடவில்லை. ஒரு தடவை நின்றதற்கா, ரிப்பேர்காரன் வந்து போக வழி தேடுகிறான் என்றேன். மாப்பிள்ளைக்கு என்னை எதிர்த்துப் பேச வராது. மகளுக்கு நன்றாக வரும்.

"அப்பா, உங்க சிக்கனத்துல என் பொழப்பை அவிச்சுத் தட்டுல வெச்சிடாதீங்க. இது போனா படுக்கறதுக்கு வீடுகூட இல்ல."

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மிஷின் தூங்காமல் இருக்க, அடிக்கடி யாராவது மவுஸை ஆட்டிவிடணும். ஊரில் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். அந்த வேலை தட்டு பார்க்கிற அம்மா தலையில் விழுந்தது.

அவளை எல்லோரும் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரப்பர் செருப்பு போட்டால் காலில் புண் வரும் அவளுக்கு. அதனால் வெறுங்காலையே மருந்தில் நனைத்துவிட்டு உள்ளே போவாள். சின்னப் பாதம். உள்ளங்கால் எப்போதும் பழுப்பேறிக் கிடக்கும். முட்டைக்குள் குஞ்சு கத்த ஆரம்பித்ததும், தட்டின் ஓரத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். டொக்... டொக். "வந்துட்டேன்டா, வந்துட்டேன்" என்பாள். தட்டு அதிர்ந்ததும் அந்த வரிசை மட்டும் கப்சிப்பென்று அடங்கும். அவள் நடந்து போனால், அமைதியும் அவளோடு வரிசை வரிசையாக நடந்து போகும். அவள் தாண்டியதும் பின்னால் கீச்சு கீச்சென்று மறுபடி ஆரம்பிக்கும்.

நடுவில் வந்து குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து மவுஸை ஒரு வட்டம் சுற்றுவாள்.

"ஏம்மா, எலி ஆட்டுறதுக்கு ஒரு ஆளா? உக்காந்த இடத்துல சம்பளம்" என்று அவள் காதில் விழும்படியே சொல்வேன்.

"நான் ஆட்டலேன்னா அது கண்ணை மூடிக்கும் பெரியய்யா. அது மூடினா குஞ்சும் மூடிடும்" என்று சிரிப்பாள். "நீங்கதானே அதுக்குத் தாலாட்டுப் பாடி வெச்சீங்க?"

எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அவள் உடம்பு சரியில்லை என்று போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மவுஸை வேலையாட்கள் மாறி மாறி ஆட்டினார்கள். நடுவில் ஒரு நாள் அவள் வீட்டுக்காரர், சைக்கிள் கடை வைத்திருக்கிறவர், போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"தேறி வரக் கொஞ்ச நாள் ஆகுங்கய்யா. இடத்தை வேற யாருக்கும் குடுத்துட வேணாம்னு சொல்லச் சொன்னா."

"எலி ஆட்ட ஆளா கிடைக்காது? வந்தா பாக்கலாம். வராட்டி விடு" என்றேன்.

 "சரிங்கய்யா" என்று வைத்துவிட்டார். மகளிடம் இதை நான் சொல்லவில்லை.

அன்றைக்கு அறை முழுக்க முட்டை. உள்ளே குஞ்சு கத்த ஆரம்பித்துவிட்டது, ஓடு விரிய வேண்டியதுதான் பாக்கி. குஞ்சு வைக்கிற காலிப் பெட்டி ஏற்றி வந்த வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது என்று போன். வேலையாட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மகளும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள்.

"மாமா, மிஷினை மட்டும் சும்மா விட்டுடாதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை..."

"தெரியும் போங்க. எனக்கே பாடமா?"

மகள் வண்டியில் ஏறினவள் இறங்கி வந்தாள். "அப்பா, தூங்கிடாதீங்க. உங்களை நம்பித்தான் போறேன்."

காலை நனைத்து, உள்செருப்பை மாட்டிக்கொண்டு, போய் உட்கார்ந்தேன். மணி ஒன்றரை. மவுஸை ஆட்டினேன். சூடான அறை. சாப்பிட்ட வயிறு. கீச்சு கீச்சென்று ஒரே தாளத்தில் சத்தம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாக, நன்றாக ஓடின மிஷினை நான்தான் இப்படி ஆக்கினேனோ என்று ஒரு யோசனை வந்தது. அதைத் துரத்தினேன். திரையில் மணி இரண்டே கால்.

அப்புறம் நான் தூங்கிவிட்டேன்.

ஆமாம். தூங்கிவிட்டேன். ஆழ்ந்த தூக்கம். கடைசிப் படி.

விழித்தபோது முதலில் திரையைத்தான் பார்த்தேன். மூன்று இருபது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.  மகளின் முகம் கண்ணில் வந்தது. செத்தது மிஷின், போயிற்று எல்லாம் என்று எழுந்தேன்.

விநாடி நகர்ந்தது. நாற்பத்தொன்று... நாற்பத்திரண்டு...

மிஷின் உயிரோடு இருந்தது. சூடும் சரியாக இருந்தது.

'பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை. ரிப்பேர்காரன் அளந்துவிட்டிருக்கிறான்' என்று மூச்சு விட்டேன். ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் ஸ்டூலைப் பார்த்தேன். சுவர் ஓரம் கவிழ்ந்து கிடந்த குட்டி ஸ்டூல். நிமிர்ந்து, என் நாற்காலியை ஒட்டிப் போட்டிருந்தது.

கீழே தடம்.

வாசலில் இருந்து வந்திருந்தது. வெறுங்கால். சின்னப் பாதம். ஈரம் மினுமினுத்தது. பழுப்பு இல்லை. ஊதா.

ஸ்டூல் வரைக்கும் வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

என் காலைப் பார்த்தேன். செருப்பு போட்டிருந்தது.

"யாரும்மா?" என்றேன். 

திரையில் அம்புக்குறி நகர்ந்தது. சின்னதாக ஒரு வட்டம். நின்றது. மறுபடி ஒரு வட்டம்.

என் கை மவுஸில் இல்லை.

வயர் ஏதாவது லூசாக இருக்கும். நான் வயர்மேன். மவுஸைத் தூக்கினேன். வட்டம் நிற்கவில்லை. பின்னால் கை விட்டு வயரைப் பிடுங்கினேன்.

வட்டம்... நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்.

மறுபடி வட்டம்.

அப்போது கடைசி வரிசையில் குஞ்சுச் சத்தம் அடங்கியது.

அந்த வரிசை மட்டும்.

அப்புறம் அதற்கு முன் வரிசை. பின்னால் கீச்சு கீச்சென்று ஆரம்பித்துவிட்டது. அமைதி மட்டும் முன்னால் வந்தது.

ஒரு வரிசை...

இன்னொரு வரிசை...

நடந்து வந்தது.

கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற வரிசை அடங்கியது. அறை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. என் பக்கத்து வரிசையில் மட்டும் சத்தம் இல்லை.

அங்கேயே நின்றது.

டொக்...

டொக்.

ஓடினேன்.

மருந்துத் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு வெளியே விழுந்தேன். கதவை இழுத்துச் சாத்தினேன். பூட்டினேன். ஆமாம், பூட்டுப் போட்டுப் பூட்டினேன். முற்றத்து வெயிலில் போய் நின்று கையைப் பார்த்தால், கையில் மவுஸ். வயர் வால் மாதிரி தொங்குகிறது.

உள்ளே மிஷின். அதை ஆட்ட ஆளும் இல்லை, ஆட்டுகிற மவுஸும் இல்லை. பத்து நிமிஷத்தில் கண்ணை மூடிவிடும் என்று தெரியும். மகள் என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்பதும் தெரியும். சாவி என் கையில்தான் இருந்தது.

உள்ளேயிருந்து கதவில் கேட்டது. டொக்... டொக். மெதுவாக. கோபம் இல்லாமல். தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி.

நான் திறக்கவில்லை. அது பேய் என்றால் எனக்காக வேலை செய்கிற பேய். மனுஷி என்றால் சூட்டறையில் நான் பூட்டி வைத்த மனுஷி. எதுவானாலும் திறந்திருக்கணும். காதைப் பொத்திக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் போய் உட்கார்ந்தேன். ஐந்து மணி வரைக்கும்.

வண்டி வந்தது. மாப்பிள்ளை சாவியை வாங்கித் திறந்து உள்ளே போனார். நான் வெளியிலேயே நின்றேன். என்ன சொல்லலாம் என்று பொய் தேடிக்கொண்டிருந்தேன்.

"மாமா!" என்று கத்தினார். முடிந்தது என்று நினைத்தேன்.

"மாமா, பொரிய ஆரம்பிச்சிடுச்சு! சூடு அரைப் புள்ளிகூட மாறல!"

விநாடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தட்டுப் பக்கம் குனிந்திருந்தபோது, பையில் இருந்த மவுஸை எடுத்து, யாரும் பார்க்காமல் வயரைச் செருகினேன். ஸ்டூலைக் காலால் தள்ளினேன்.

மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  "இவ்ளோ நேரமும் உக்காந்து ஆட்டிட்டேவா இருந்தீங்க? நான் வேற வழியெல்லாம் உங்களைத் திட்டிட்டே வந்தேன்ப்பா."

"ம்" என்றேன்.

"செருப்பு போடலையா? பாருங்க, தரையெல்லாம் கால்." காய்ந்து பழுப்பாகியிருந்தது. "உங்க பாதம் இவ்ளோ சின்னதாப்பா?" சிரித்தாள்.

"துடைச்சுடறேன்" என்று துணியை எடுத்தேன். முட்டி போட்டுத் துடைத்தேன். ஒரு தடம் விடாமல்.

மறுநாள் குஞ்செல்லாம் பெட்டிக்குப் போனதும், ரிப்பேர்காரனை நானே கூப்பிட்டுச் சிக்கன மோடை எடுக்கச் சொன்னேன். அவன் மிஷினைச் சும்மா விட்டுச் சோதித்துப் பார்த்தான். ஒன்பதாவது நிமிஷம் நின்றுவிட்டது.

"பத்து நிமிஷம் தாங்கலையேய்யா. நேத்து எப்படித் தாங்குச்சு?"

"ஆட்டிக்கிட்டே இருந்தேன்."

"கை வலிச்சிருக்குமே."

பர்ஸை எடுத்து அவன் கூலியை எண்ணினேன்.

சாயங்காலம் சைக்கிள் கடைக்காரர் வந்தார். குஞ்சுப் பெட்டிகளைச் சுவர் ஓரமாக வரிசையாக அடுக்கி, வண்டிக்காகக் காத்திருந்தோம். கீச்சு கீச்சென்று காது கிழிந்தது. தட்டக்காவின் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியும் துணிப்பையும் இங்கே இருக்கிறது, எடுத்துப் போக வந்தேன் என்றார். தலை முடி கலைந்திருந்தது.

"அக்கா எப்ப வர்றாங்க?" என்றாள் மகள்.

"நேத்து போயிட்டாம்மா. காலையில பதினோரு மணிக்கெல்லாம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசி ரெண்டு நாளும் ஒரே பேச்சுதான். மிஷினை யாரு பாத்துக்கறாங்க, யாரு ஆட்டறாங்கன்னு. நேத்து யாருங்க பாத்துக்கிட்டாங்க?"

"அப்பாதான் அண்ணே" என்றாள் மகள், அழுதுகொண்டே. "சாயங்காலம் வரைக்கும் அசையல."

அவர் என்னைப் பார்த்தார். போனில் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அதைச் சொல்லவில்லை. "நல்லதுங்கய்யா" என்றார். "அவ நிம்மதியா இருப்பா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் இல்லை என்று. வாய் வரை வந்தது.

பையை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். இரண்டடி வைத்துத் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் புரியலங்க. அவ உள்ளங்கால் கறை தெரியுமே உங்களுக்கு. ஆஸ்பத்திரியில அழுக்குன்னு நினைச்சு நர்சம்மா தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்துட்டாங்க. பளிச்சுனு இருந்துச்சு. போனதும் காலைச் சேர்த்துப் போர்த்தினதே நான்தான். சாயங்காலம் நாலு மணிக்குக் குளிப்பாட்டத் துணியை எடுத்தா..." அவர் நிறுத்தினார். "ரெண்டு உள்ளங்காலும் ஈரம். ஊதாக் கலர்."

"பழைய கறை கிளம்பியிருக்கும்" என்றேன்.

"பழசு பழுப்பாத்தானேங்க இருக்கும்?"



நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தேன். மகள், "அப்பா, எங்க போறீங்க?" என்றாள். சும்மா, என்றேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ மருந்து தடவுவார்கள். அதில் ஒன்று ஊதாவாக இருந்திருக்கும். மிஷினுக்கும் ஏதோ கோளாறு. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். நான் இன்றைக்கும் நம்பவில்லை.

சுவர் ஓரப் பெட்டிகளைத் தாண்டி நடந்தேன். எனக்குப் பின்னால் முதல் பெட்டியில் சத்தம் அடங்கியது. அப்புறம் இரண்டாவது பெட்டி. அப்புறம் மூன்றாவது. நான் போகிற வேகத்திலேயே.

திரும்பிப் பார்க்கவில்லை. நம்பாதவன் எதற்குத் திரும்பணும்? நடந்தேன்.